ஈசான்ய மூலை ஒழுகல்: ஐப்பசி மழைக்கு முன் ஒரு மதுரை வீட்டைத் தயார்செய்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

வீடு மதுரைக்கு வடமேற்கே, விளாங்குடிப் பக்கம். 1990களின் தொடக்கத்தில் கட்டியது. கீழ்த்தளம் மட்டும்தான், மொட்டைமாடி ஏறக்குறைய 1000 சதுர அடி. கான்கிரீட் தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்த சுர்க்கி, அதற்கு மேல் தட்டோடு. அந்தக் காலத்தில் இந்த ஊரில் கட்டிய வீடுகள் பலவும் இதே முறைதான். வாசல் கிழக்குப் பார்த்தது.

குடியிருப்பவர்கள் ஓய்வுபெற்ற ஆசிரியரும் அவர் மனைவியும். மகன் பெங்களூரில். மகளுக்கு வைகாசியில் கல்யாணம் முடிந்திருந்தது, ஆகவே வருகிற தீபாவளி தலைதீபாவளி. இந்தச் செய்தி இங்கே எதற்கு என்று தோன்றலாம். பின்னால் ஒரு முடிவை அதுதான் இழுபறியாக்கியது.

தொல்லை வடகிழக்குப் படுக்கையறையில். விசிறிக் கொக்கியைச் சுற்றிக் கூரை ஒழுகும். கிழக்குச் சுவரில் ஜன்னலுக்கு மேல் பெயின்ட் பொரிந்து உதிரும். தரையை ஒட்டிய இரண்டடி உயரத்துக்கு உப்புப் பூத்திருக்கும். ஏழெட்டு ஆண்டுகளாக இதே கதை. இடையில் இரண்டு முறை மாடி முழுவதும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். இரண்டு முறையும் முதல் மழைக்குத் தாங்கியது, அடுத்த ஆண்டு பழையபடி. 2024 அக்டோபர் 25 அன்று செல்லூர்ப் பகுதியே வெள்ளக்காடான மழையில் இந்தத் தெருவுக்குள் வெள்ளம் வரவில்லை. ஆனால் கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட வேண்டியதாயிற்று. ஈசான்ய மூலையில் படுக்கையறை வைத்ததுதான் குற்றம் என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போனதாகவும் ஆசிரியர் சொன்னார்.

மகன் ஒரு நிறுவனத்திடம் மாடி முழுக்கப் பழைய பூச்சைச் சுரண்டி மறுபடி அடிக்க விலை கேட்டிருந்தார். முன்பணம் கட்டும் முன் ஒருமுறை பார்த்துச் சொல்லுங்கள் என்று எங்களை அழைத்தது ஆடி பிறந்த பிறகு.

முதலில் கேட்டது

மாடிக்கு ஏறும் முன் உட்கார்ந்து கேட்பது எங்கள் வழக்கம். எப்போது ஒழுகுகிறது, மழை தொடங்கி எவ்வளவு நேரத்தில், எப்போது நிற்கிறது. பெரும்பாலான வீடுகளில் இதற்குப் பதில் ‘மழை பேஞ்சா ஒழுகும் சார்’ என்பதோடு முடிந்துவிடும். இங்கே அந்த அம்மா தினசரிக் காலண்டர் தாள்களைக் கிழித்துப் போடாமல் கம்பியில் குத்தி வைத்திருந்தார். பால் கணக்கு எழுதும் பழக்கத்தில் ஒழுகலையும் அவற்றின் பின்புறம் குறித்திருந்தார்.

“மழை விட்ட மறுநாளும் சொட்டும் தம்பி. இவுக நம்ப மாட்டாக” என்றார்.

தாள்களை வரிசைப்படுத்தியபோது மூன்று விதமான குறிப்புகள் பிரிந்து வந்தன. விசிறிக் கொக்கி மழை தொடங்கிச் சில மணி நேரம் கழித்துத்தான் சொட்டத் தொடங்கி, மழை விட்ட பிறகும் ஒரு நாள் நீடித்திருக்கிறது. ஜன்னல் மேல் ஈரம் காற்றோடு சாரல் அடித்த நாட்களில் மட்டும், அதுவும் அரை மணி நேரத்துக்குள் வந்திருக்கிறது. தரையோரத்து உப்புக்கு மழைக் கணக்கே இல்லை. ஆண்டு முழுவதும் இருக்கும், கார்த்திகை மார்கழியில் கூடும்.

ஒரே அறையில் இருப்பதால் ஒரே ஈரமாகத் தெரிந்தது. உண்மையில் மூன்று தண்ணீர், மூன்று வழி. இரண்டு முறை மாடிக்கு அடித்த பூச்சு இவற்றில் ஒன்றைத்தான் தொட்டிருக்க முடியும். அதையும் தொடவில்லை என்பது பிறகு தெரிந்தது.

இன்னொரு தாள் எங்களை நிறுத்தியது. சித்திரையில் ஒரு நாள்: ‘மழை இல்லை. ஃபேன் கிட்ட ஈரம்.’ அது ஏதோ ஞாபகப் பிசகு என்று ஆசிரியர் ஒதுக்கினார். நாங்கள் அதைத் தனியே எடுத்து வைத்துக்கொண்டோம்.

மாடியிலும் சுற்றிலும் கண்டது

தளத்தின் வாட்டம் தென்மேற்கிலிருந்து வடகிழக்கே இறங்கியது. கன்னி மூலை உயரமாகவும் ஈசான்ய மூலை பள்ளமாகவும் இருக்க வேண்டும், தண்ணீர் ஈசான்யத்தில் வெளியேற வேண்டும் என்று வாஸ்து பார்த்துக் கட்டிய வீடு. தண்ணீர்த் தொட்டியும் அதே கணக்கில் கன்னி மூலையில், செங்கல் கால்கள் மேல். அதாவது மாடியின் மொத்த மழையும் அந்தப் படுக்கையறைக்கு மேலே வந்து கூடி, ஒரே ஒரு வாயில் வழியாக இறங்க வேண்டும். வாஸ்து சொன்னவர் பாதி சரி. தொல்லை அந்த மூலையில்தான் தெரியும், அங்கே பிறக்க வேண்டியதில்லை.

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை ஒரு லிட்டர். 1000 சதுர அடி மாடியில் 10 சென்டிமீட்டர் பெய்தால் 9,300 லிட்டர். அவ்வளவும் போக இருந்தது ஒரு நான்கங்குலக் குழாய். அதன் வாயில் பக்கத்து வீட்டு வேப்பிலையும் புறா எச்சமும் கட்டியாக இறுகிக் கிடந்தன. அதை எடுத்துவிட்டு வாளி வாளியாக ஊற்றிப் பார்த்தபோதும் நீர் தயங்கித் தயங்கியே இறங்கியது. குழாயின் அடியில் மழைநீர் சேகரிப்புக் குழி. 2003இல் தமிழகம் முழுவதும் கட்டாயமாக்கியபோது தோண்டியது, அதன் பிறகு திறக்கவே இல்லையாம். மூடியைப் பெயர்த்துப் பார்த்தால் மணலும் ஜல்லியும் சேற்றில் உறைந்து கிடந்தன. குழி நிறைந்தால் குழாய் நிறையும், குழாய் நிறைந்தால் மாடியில் தண்ணீர் நிற்கும்.

தட்டோடுகளின் மேல் அடித்த வெள்ளைப் பூச்சு பல இடங்களில் கொப்புளித்து, தொட்டால் வற்றல் போல் நொறுங்கியது. அடியில் ஈரம் இருக்கும்போதே மேலே மூடியதால் வந்த வினை. சித்திரை வெயிலில் அடைபட்ட ஈரம் ஆவியாகி மேலே தள்ளும், பூச்சு கழன்றுவிடும். தொட்டியின் செங்கல் கால்களைச் சுற்றிப் பூச்சே இல்லை. இரண்டு முறையும் வேலைக்கு வந்தவர்கள் தொட்டியை நகர்த்தாமல் சுற்றி அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். தொட்டி நிரம்பி வழியும் குழாய் ஒரு சாண் நீளமே இருந்தது, நேரே தட்டோட்டில் கொட்டும்படி. கொட்டும் இடத்தில் இணைப்புகளின் சிமென்ட் அரித்துப்போய் விரல் நகம் நுழையும் அளவு திறந்து கிடந்தது.

கிழக்குக் கைப்பிடிச் சுவரின் அடியில், தளத்தோடு சேரும் இடத்தில், நீளவாக்கில் ஒரு விரிசல். மூன்று முறை சிமென்ட் பூசி மூன்று முறையும் வெடித்திருக்கிறது. சிமென்ட்டின் குற்றமில்லை அது. முப்பதடி நீளக் கான்கிரீட் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளும், இரவில் சுருங்கும். மேலே நிற்கும் செங்கல் சுவர் அதே அளவு நகராது. இரண்டும் சேரும் கோடு தினமும் இழுபடுகிறது. கெட்டியான எதை வைத்து அடைத்தாலும் அது வெடிக்கத்தான் செய்யும்.

அதற்கு நேர் கீழே ஜன்னல் சன்ஷேடு. அதன் மேல்பரப்பு வெளிப்பக்கம் சாயாமல் சுவர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. அடிவிளிம்பில் நீரை அறுத்து விழச்செய்யும் காடி இல்லை. சுத்தியலின் பின்புறத்தால் தட்டிக்கொண்டே வந்ததில் இரண்டு இடங்களில் பொள்ளல் சத்தம். அங்கே கம்பி துருவேறி, துரு பருத்து, கான்கிரீட்டைக் கீழே தள்ளத் தொடங்கியிருந்தது.

தரையோர ஈரத்துக்குக் காரணம் வீட்டுக்குள் இல்லை. தெருவில் பழைய சாலையைச் சுரண்டாமலே மேலே மேலே சாலை போட்டு, காம்பவுண்டுக்குள் இருக்கும் தரை சாலையை விட அரையடி தாழ்ந்துவிட்டது. முற்றத்தில் இருக்கும் சம்ப் மூடியும் தரைமட்டத்தில்தான். தெருத் தண்ணீர் ஒருமுறை உள்ளே வந்தால் குடிதண்ணீரில்தான் கலக்கும்.

மின்மீட்டர் பெட்டிக்கு வரும் கம்பி மேலிருந்து நேரே பெட்டிக்குள் இறங்கியது. கம்பியைப் பிடித்துக்கொண்டே மழைநீரும் உள்ளே போகும். பெட்டிக்குள் நீர்த்தாரையின் கறை தெரிந்தது. பின்சுவரை ஒட்டி ஒரு முருங்கை, அதன் கிளை சமையலறைத் தகரக் கூரைக்கு மேல். முருங்கையை விட எளிதாக ஒடியும் மரம் இந்தப் பக்கத்தில் குறைவு.

நீர் நிறுத்திப் பார்த்தது

கண்ணால் பார்த்ததை வைத்தே முடிவெடுத்திருக்கலாம். ஆனால் இரண்டு முறை பணம் செலவழித்து ஏமாந்த வீட்டில் மூன்றாவது முறை ஊகத்தின் பேரில் வேலை சொல்லக் கூடாது என்று தோன்றியது. எங்களோடு வந்த மேலூர்ப் பக்கத்துக் கொத்தனாரும் அதையே சொன்னார்: “தண்ணி நொழையிற எடம் ஒண்ணு, ஒழுகுற எடம் ஒண்ணு சார். மறிச்சுப் பாத்துருவோம்.”

களிமண்ணும் சிமென்ட்டும் குழைத்து வரப்புக் கட்டி மாடியைப் பாத்திகளாகப் பிரித்து, ஒரு சமயத்தில் ஒரு பாத்தியில் மட்டும் இரண்டு அங்குல நீர் நிறுத்துவது என்று முடிவு. இரண்டு அங்குல நீர் சதுர அடிக்கு 4.7 கிலோ சுமை. ஆகவே முதலில் உள்ளே ஒவ்வோர் அறையின் கூரையையும் தட்டிப் பார்த்து, பொள்ளலும் துருவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டோம். தளத்தில் துருப்பிடித்த வீட்டில் இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. படுக்கையறை விசிறியின் மின்சாரமும் துண்டிக்கப்பட்டது.

முதல் பாத்தி படுக்கையறைக்கு நேர் மேலே. இரண்டு நாள் நீர் நின்றது. கீழே ஒரு பொட்டு ஈரம் இல்லை. ஆசிரியருக்கு இது நம்ப முடியாததாக இருந்தது. எங்களுக்கும் ஓரளவு வியப்புத்தான். அந்த மூலையில் மட்டும் பழைய பூச்சு ஒழுங்காக ஒட்டியிருந்தது. ஒழுகும் அறைக்கு மேலே என்று இரண்டு முறையும் அங்கே கூடுதலாக அடித்திருக்கிறார்கள்.

அடுத்து, எதிர்மூலையில் தொட்டியைச் சுற்றி. மறுநாள் மதியம் விசிறிக் கொக்கியைச் சுற்றி வட்டமாக ஈரம் விரிந்தது, மாலைக்குள் சொட்டு. வழி இப்போது தெளிவு. தொட்டிக் காலடியில் திறந்து கிடந்த இணைப்பில் இறங்கிய நீர், தட்டோட்டுக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவே இருந்த சுர்க்கியில் ஊறி, வாட்டத்தோடு வாட்டமாக வடகிழக்கே நகர்ந்து, தளத்துக்குள் பதித்த மின்குழாயைப் பிடித்துக்கொண்டு விசிறிப் பெட்டியில் எட்டிப் பார்த்திருக்கிறது. செங்கல் ஜல்லி நீரைக் குடித்து மெல்ல விடும். அதனால்தான் மழை விட்ட மறுநாளும் சொட்டு. சித்திரைத் தாளுக்கும் விடை அங்கேயே கிடைத்தது. மோட்டாரை நிறுத்த மறந்து தொட்டி வழிந்த நாள் அது. அம்மா ஆசிரியரைப் பார்த்த பார்வையைப் பற்றி இந்த ஆய்வில் எழுத இடமில்லை.

எடுத்த முடிவுகள்

மாடி முழுக்கப் பூச்சு என்ற யோசனை கைவிடப்பட்டது. சுர்க்கியை முழுதாகப் பெயர்த்துப் புதிதாகப் போடலாமா என்று மகன் தொலைபேசியில் கேட்டார். வேண்டாம் என்றோம். மதுரை வெயிலுக்கு அந்தச் சுர்க்கி ஒரு வெப்பக் காப்பு. பெயர்த்தால் ஐப்பசிக்குள் புதிதாக அடித்து, நனைத்து, உலர்த்தி முடிக்க நாள் போதாது. பாதி பெயர்த்த மாடியோடு மழையில் மாட்டிக்கொள்வதை விடப் பழைய மாடியே மேல்.

ஆகவே தொட்டியைக் காலிசெய்து இறக்குவது, அதைச் சுற்றி எட்டடிச் சதுரத்துக்குத் தட்டோட்டைப் பெயர்த்து, அடியில் ஊறிய சுர்க்கியைக் காயவிட்டு மறுபடி பதிப்பது. தொட்டிக் கால்களின் அடியைச் சுற்றி நீர் தேங்காதபடி வளைவாகக் காரை கட்டுவது. வழியும் குழாயை நீட்டிக் கீழிறங்கும் குழாயோடு சேர்ப்பது. மற்ற இடங்களில் திறந்த இணைப்புகளை மட்டும் சுரண்டி நிரப்புவது. வடக்குக் கைப்பிடிச் சுவரின் அடியில் இரண்டாவது நீர்வாய் திறப்பது. தளத்தைத் துளைக்காமல் சுவரை மட்டும் துளைத்தால் கம்பிக்குப் பழுதில்லை.

கைப்பிடிச் சுவர் விரிசலை ஆங்கில எழுத்து வி போல் வெட்டித் திறந்து, தூசி நீக்கி, ரப்பர் போல் இழுபடும் பியூ (பாலியூரித்தேன்) சீலன்ட்டால் நிரப்பச் சொன்னோம். கொத்தனாருக்கு இதில் முழு மனதில்லை. “டியூப்ல வர்றத நம்பி எப்பிடி சார்?” என்றார். மூன்று முறை வெடித்த சிமென்ட்டைக் காட்டியதும் ஒத்துக்கொண்டார்.

சன்ஷேடில் துருக் கம்பியைச் சுத்தம் செய்து ஒட்டுப் போடுவதும் மேல்பரப்பை வெளிப்பக்கம் சாய்த்துப் பூசுவதும் இந்த ஆண்டுக்கு. முழுதாக உடைத்துக் கட்டுவது மழைக்குப் பிறகு. மீட்டர் பெட்டிக் கம்பியைக் கீழே தொங்கவிட்டு மேலேறி நுழையும்படி மாற்ற மின்வாரியத்தில் மனு. சம்ப் மூடியைச் சுற்றி ஓரடி உயரக் கட்டை. சேகரிப்புக் குழியைத் தூர்வாரிப் புது மணல், ஜல்லி. முருங்கைக்குக் கழிப்பு.

தரையோர ஈரத்துக்கு எதுவும் செய்வதில்லை என்பதும் ஒரு முடிவுதான். முற்றத்தை உயர்த்தினால் நீர் வீட்டுப் பக்கம் திரும்பும். சுவரில் மருந்து ஏற்றும் முறைகளுக்கு முதலில் சுவர் உலர வேண்டும். அதைப் பங்குனிக்குத் தள்ளினோம்.

இங்கேதான் தலைதீபாவளி வந்தது. மாப்பிள்ளை வரும் வீட்டில் சுவர் பொரிந்து கிடந்தால் எப்படி என்பது அம்மாவின் கேள்வி, நியாயமான கேள்வி. ஆனால் ஈரச் சுவரில் பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரம் வெளியேற வழியில்லாமல் மறுபடி பொரியும். தீபாவளிக்கு அடித்துக் கார்த்திகையில் உரியும் பெயின்ட் இந்த ஊரில் ஆண்டுதோறும் பார்ப்பதுதான். பேச்சு ஒரு மாலை முழுவதும் நீண்டு, கடைசியில் கூடத்துக்கும் திண்ணைக்கும் மட்டும் பெயின்ட், படுக்கையறையில் பொரிந்ததைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு என்று முடிந்தது. சுண்ணாம்பு மூச்சு விடும். பார்வைக்கும் வெள்ளையாக இருக்கும்.

வேலை நடந்த விதம்

ஆடியில் காற்று ஓயாமல் மண்ணை வாரி வீசியதால் சீலன்ட் வேலையைத் தள்ளிவைத்துத் தட்டோடு பெயர்ப்பதில் தொடங்கினோம். பெயர்த்த இடத்தில் சுர்க்கியை அள்ளிப் பிழிந்தால் கையில் ஈரம் ஒட்டியது, அதுவும் அந்த வெயிலில். அது காய ஒன்றரை வாரத்துக்கு மேலானது. ஆவணியில் மாலை இடிமழைகள் தொடங்கிவிட்டன. வடகிழக்குப் பருவமழை அக்டோபரில்தான் என்று நினைத்திருப்பவர்கள் மதுரையின் இந்த மாலை மழைகளை மறந்துவிடுகிறார்கள். தினமும் நான்கு மணிக்கு மேல் தார்ப்பாய் விரித்துக் கல் வைத்துவிட்டுப் போவது கொத்தனாரின் பொறுப்பானது. புதிய தட்டோடு மானாமதுரையிலிருந்து வந்தது. பத்தடிக்கு ஒன்றேகால் அங்குல வாட்டம் இருக்கிறதா என்று நீர்க்குழாய் மட்டம் வைத்துப் பார்த்த பிறகே காரை போட்டார்கள்.

விரிசல் வேலை புரட்டாசியில், காற்று ஓய்ந்த காலை நேரங்களில் முடிந்தது. அதன் பிறகு தொட்டியைச் சுற்றி மறுபடி பாத்தி கட்டி இரண்டு நாள் நீர் நிறுத்தினோம். விசிறிக் கொக்கி காய்ந்தே இருந்தது. மொத்தச் செலவு மகன் வாங்கியிருந்த விலைப்பட்டியலில் பாதிக்கும் கீழே நின்றது. அதில் கணிசமான பங்கு கூலி.

மழையில் நடந்தது

ஐப்பசியின் முதல் கனமழை இரவில் வந்தது. கூரை சொட்டவில்லை, மறுநாளும் இல்லை. இரண்டாவது நீர்வாய் வேலை செய்தது; மாடியில் நீர் தேங்கவில்லை. தெருத் தண்ணீர் ஒருமுறை கேட்டைத் தாண்டி முற்றத்தில் கணுக்கால் அளவு நின்றபோது சம்ப் கட்டைக்கு மேல் ஏறவில்லை. பின்வீட்டு முருங்கை ஒடிந்து விழுந்தது. இவர்கள் வீட்டு முருங்கை கழித்திருந்ததால் நின்றது.

கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் தூறிய மழையில் கிழக்குச் சுவரில் உள்ளங்கை அளவு ஈரம் திரும்ப வந்தது, ஜன்னலின் இடப்பக்கம். விரிசலில் வந்ததாக இருந்தால் நீளவாக்கில் வந்திருக்கும். வெளியே ஏணி வைத்துப் பார்த்ததில் ஏ.சி. குழாய்க்காகச் சுவரில் போட்ட துளை வெளியிலிருந்து உள்நோக்கிச் சாய்ந்திருந்தது. வெளிப்பக்கம் ஃபோம் அடைத்துப் பெயின்ட் பூசியிருந்ததால் ஆடியில் அது சுவரோடு சுவராகத் தெரிந்தது. ஃபோமை எடுத்துவிட்டு, துளையின் அடிப்பக்கத்தை வெளியே சாய்த்துப் பூசி, சீலன்ட் இட்டதும் நின்றது.

மின்வாரிய மனு மீதான வேலை மழைக்குள் நடக்கவில்லை. மீட்டர் பெட்டிக்கு மேல் தற்காலிகமாக ஒரு தகரக் குடை மட்டும் வைத்தார்கள். ஒரு முறை கசிவு மின்சாரம் உணர்ந்து 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பு விசை தானாக விழுந்தது. அது விழுந்ததுதான் நல்லது. ஆனால் அந்த இரவு முழுவதும் வீடு இருட்டில். தரையோர உப்பு எதிர்பார்த்தபடியே கூடியது.

அடுத்த முறை மாற்றிச் செய்ய வேண்டியவை

வேலை ஆனியில் தொடங்க வேண்டும். சுர்க்கி காய எடுத்த நாட்களை யாரும் சுருக்க முடியாது, ஆவணி மாலைகளை நம்பவும் முடியாது. மின்வாரிய மனுவை முதல் நாளே கொடுப்பது அதைவிட முக்கியம், நம் கையில் இல்லாத வேலை அது ஒன்றுதான்.

நீர் நிறுத்தும் சோதனை தளத்துக்குத்தான். சுவருக்கு வேறு சோதனை வேண்டும்: வெளியிலிருந்து ஹோஸ் குழாயால் கீழிருந்து மேலாக, ஒவ்வோர் அடுக்குக்கும் பத்து நிமிடம் நீர் அடித்து உள்ளே ஆள் நிறுத்திப் பார்ப்பது. மேலிருந்து அடித்தால் நீர் எல்லாவற்றையும் நனைத்துக்கொண்டு இறங்கும், எது வழி என்று பிரியாது. அதை ஆடியிலேயே செய்திருந்தால் ஏ.சி. துளை கார்த்திகை வரை காத்திருந்திருக்காது. இப்போது நாங்கள் பார்க்கும் வீடுகளில் இரண்டு சோதனையும் சேர்த்தே செய்கிறோம். தண்ணீர் லாரி வாங்கும் தெருக்களில் மட்டும் இதற்குச் சம்மதம் வாங்குவது கடினமாக இருக்கிறது.

தை பிறந்ததும் சன்ஷேடை உடைத்துக் காடியோடு புதிதாக வார்ப்பது, பங்குனியில் தரையோரப் பூச்சை இரண்டரையடி உயரத்துக்கு உரித்துச் சுவரைக் காயப்போடுவது, சித்திரையில் படுக்கையறைக்குப் பெயின்ட். இவை மூன்றும் பாக்கி. மோட்டாருக்குத் தொட்டி நிரம்பினால் தானே நிற்கும் கருவியை மட்டும் ஆசிரியர் தீபாவளிக்கு முன்பே வாங்கி மாட்டிவிட்டார்.